தொட்டில் துணியின் சூடு

ஜெசிந்தாவின் மடியில் இருக்கும்போது நித்திலாவின் குதிகால் முப்பத்தொன்றரை டிகிரி. நாத்தனார் அமலி மைனியின் மடியில் இருக்கும்போது முப்பத்திரண்டைத் தாண்டியது. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் அது ஒரு நாளும் தவறாமல் அங்கேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று ஜெசிந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சூட்டை அளப்பதுதான் அவள் தொழில் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது. தூத்துக்குடிக்கு வெளியே ஓர் இறால் ஏற்றுமதி ஆலையில் குளிர் அறைகளின் வெப்பமானிகளைச் சரிபார்ப்பவள் அவள். உறைந்த இறாலுக்கு அரை டிகிரி கூடினாலும் எந்த அறையில், எந்த மூலையில், எதனால் என்று சொல்லிவிடுவாள். சொந்தப் பிள்ளையின் குதிகால் விஷயத்தில் மட்டும் அவள் படிப்பு கைகட்டி நின்றது.

குதிகாலில் கட்டியிருந்தது இதமணி. மிளகைவிடச் சிறிய ஒரு மணியை மெல்லிய ரப்பர் பட்டையில் பொதிந்து குழந்தையின் காலில் கட்டுவார்கள். மனிதர் மிரண்டால் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது, பாதம் சில்லிடுகிறது. நிம்மதியாக இருந்தால் ரத்தம் நுனிவரை ஓடுகிறது, பாதம் கதகதப்பாகிறது. பேச்சு வராத பிள்ளையின் மனதைப் பாதம் சொல்லும் என்பது விற்ற நிறுவனத்தின் வாக்கு. வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு வளையத்தை மணிக்கட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். யாருடைய வளையம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் பெயரில் சூடு பதிவாகும். வாரக் கடைசியில் யாரிடம் எவ்வளவு இதமாக இருந்தது என்ற கணக்கு எல்லார் ஃபோனுக்கும் வந்துவிடும். வேண்டுமென்றால் எந்த நேரமும் ஃபோனில் நேரலையாகவும் எண்ணைப் பார்க்கலாம்.

இதமணி வந்து சில வருடங்களில் ஊர் வழக்கமே மாறியிருந்தது. குழந்தைகள் காப்பகங்களில் ஆயாக்களை எண்ணைப் பார்த்து வேலைக்கு வைத்தார்கள், எண்ணைப் பார்த்தே நிறுத்தினார்கள். ஞானஸ்நான விருந்துகளில் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றி எண் பார்ப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. எண் இறங்கினால் தூக்கியவர் முகமும் இறங்கும். அடுத்த விருந்துக்கு அவர் வர மாட்டார். குடும்ப நீதிமன்றங்களும் மணியைச் சாட்சியாக ஏற்கத் தொடங்கியிருந்தன.

ஆலையில் இறால் தரம் பிரிக்கும் இசக்கியம்மாளுக்கு அப்படித்தான் பிள்ளை போனது. விவாகரத்தில், பையன் சரண் யாரிடம் வளர்வது என்ற கேள்வி வந்தபோது நீதிபதி மணியைக் கேட்டார். தகப்பன் வீட்டில் எண் கூடுதல். தாய்க்குச் சனிக்கிழமை பகல் மட்டும் பிள்ளை. மற்ற நாட்களில் ஃபோனில் மணியைப் பார்த்துக்கொள்ளும் உரிமை. வழக்கு நடந்தபோதே பையன் அங்கே இருந்த நாட்களில் ஃபோனும் கையுமாக இருந்த இசக்கியம்மாள், அந்த உரிமையில் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. தரம் பிரிக்கும் மேசையின் விளிம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண் இறாலிலும் ஒரு கண் எண்ணிலுமாக வேலை செய்வாள். இடையிடையே யாரிடமும் இல்லாமல், “இப்போ சூடாத்தான் இருக்கான்” என்பாள். அந்தச் சூடு மகனுக்குச் சித்தியாக வந்தவளின் கணக்கில் ஏறுகிறது என்பது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு மறு ஆய்வின்போதும் நீதிமன்றம் அதைக் காட்டித்தான் அவளைத் திருப்பி அனுப்பியது.

அமலி மைனி ஜெசிந்தாவின் கணவன் கிளாட்வினின் அக்கா. ஜெசிந்தா பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மணப்பாட்டிலிருந்து வந்தவள். தன் பிள்ளைகள் இருவரையும் வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளையைத் தூக்கும்போது மைனியின் கை யோசிப்பதில்லை. ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் தூக்குவாள். கழுத்தை எங்கே தாங்குவது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவள் முடிவெடுப்பதற்குள் நித்திலா ஒரு முறை சிணுங்கிவிடும். இந்தச் சிணுங்கலை மைனி கவனிக்காதது போல அடுப்படிக்குப் போய்விடுவதுதான் ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்த வாரக் கணக்கு வந்த அன்று கிளாட்வின் பேச்சை எடுத்தான். துறைமுகத்தில் இழுவைப் படகில் என்ஜின் பார்ப்பவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“அக்கா நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை ஊருக்குப் போயாகணும். அத்தான் கடையில தனியாக் கெடந்து கஷ்டப்படுதாவ. பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதா. ஒரு வயசு ஆவட்டும், சனி ஞாயிறு நாம போய்ப் பாத்துட்டு வருவோம்.”

“ஆலையிலயே காப்பகம் இருக்குல்லா?”

“இருக்கு. நான் இல்லேன்னு சொல்லல. கணக்கைப் பாரு, ஜெசி. அவளுக்கு அக்காகிட்டதான் இதமா இருக்கு. இது என் பேச்சு இல்ல, மணி சொல்லுது.”

ஜெசிந்தா வாரக் கணக்கை மறுபடி திறந்து பார்த்தாள்.  அளவுகோல் சொன்னதை மறுத்துப் பேசுகிறவர்களை ஆலையில் அவளே எத்தனையோ முறை வாயடைத்திருக்கிறாள். எண் தவறென்றால் ஏன் தவறு என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் எண்தான் சரி. திங்கட்கிழமைக்கு முன்னால் காரணம் கிடைக்காவிட்டால் பிள்ளை மணப்பாட்டுக்குப் போய்விடும். ஒரு வயதில் திரும்பி வரும்போது அது அம்மா என்று யாரைப் பார்த்துச் சொல்லும் என்பதையும் மணியே எழுதி வைத்துவிடும்.

முதலில் அவள் தன் கைகளைச் சந்தேகப்பட்டாள். நாளெல்லாம் குளிர் அறைக்குள் போய் வருகிறவள். கை எப்போதும் மீன்பெட்டி போலச் சில்லென்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கையை முக்கி, சிவக்கத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். இரவு பதிவைத் திறந்து பார்த்தால் எண் அசையவில்லை. பிறகு வாசனையைச் சந்தேகப்பட்டாள். உடம்பில் ஊறிப்போன இறால் வீச்சம் சோப்புக்கு மசிவதில்லை. மைனி குளிக்கப் போன நேரத்தில் கொடியில் கிடந்த அவளுடைய நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையை மடியில் கிடத்தி, மைனி பாடுவது போலவே மூக்கால் ராகம் இழுத்துப் பார்த்தாள். நித்திலா அவளை வியப்பாகப் பார்த்தது. குளியலறைக் கதவு திறந்தது.

“ஏட்டி, அது எனக்கே தொளதொளன்னு கெடக்கும். உனக்கு என்னத்துக்கு?”

“என்னோடது எல்லாம் ஈரம் மைனி.”

மைனி கொடியில் காய்ந்து கிடந்த ஜெசிந்தாவின் மூன்று நைட்டிகளையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு தலை துவட்டப் போய்விட்டாள்.

ஆலையில் ஜெசிந்தாவும் இசக்கியம்மாளைப் போலவே ஆகிவிட்டிருந்தாள். மேசையில் ஃபோன் திறந்தே கிடந்தது. எண் ஏறும்போது இப்போது தூக்கியிருப்பாள் என்று நினைத்தாள். இன்னும் ஏறினால் நெஞ்சோடு அணைத்திருப்பாள். அதற்கும் மேலே போனால் பிள்ளை அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும். பிள்ளை நிம்மதியாக இருக்கிறதே என்று ஒரு தாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. ஆனால் பொறாமைக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

வியாழக்கிழமை எண் எப்போதையும்விட உயரத்தில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கத் தொடங்கியவள் சோற்றை மறந்தாள். நடுவில் மேலாளர் மூன்றாம் அறையைப் பற்றிக் கேட்க வந்து நின்றதால் ஃபோனைப் பைக்குள் போட்டாள். அவர் போனதும் மீண்டும் எடுத்தாள். எடுத்ததும் கொஞ்சம் இறங்கியிருந்த எண், அவள் பார்க்கப் பார்க்க மறுபடியும் ஏறியது. எனக்கென்றே செய்கிறாள் என்று தோன்றியது. அன்று அவள் சரிபார்த்த வெப்பமானிகளில் இரண்டை மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது நித்திலா கூடத்தில், காற்றாடிக்குக் கீழே பாயில் குப்புறக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. கால் வெறுமையாக இருந்தது.

“மணி எங்க மைனி?”

“பட்டை உரசி கால் செவந்துபோச்சு, பாவம். மத்தியானம் குளிப்பாட்டுனதும் கழட்டிட்டேன். தொட்டில் துணியில குத்தி வச்சிருக்கேன் பாரு, தொலையக் கூடாதுன்னு.”

தொட்டில் அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதற்குக் கீழே மைனி அரிந்து வைத்த அவரைக்காய். நாலாய் மடிந்து கிடந்த துணிக்குள், ஊக்கில் மாட்டியபடி இதமணி.

“மத்தியானத்துலேர்ந்து பிள்ளை தொட்டில்லயே கெடக்கலயா?”

“எங்க கெடந்தா? வெக்கையில தொட்டில்ல நிக்கமாட்டேங்கா. பாயிலதான் உறங்குனா.”

ஜெசிந்தா தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் முழுதும் அவள் எரிந்ததெல்லாம் ஒரு பழைய நூல் சேலைத் துண்டைப் பார்த்து. வளையம் போட்ட மைனி கீழே உட்கார்ந்து அவரைக்காய் அரிந்திருக்கிறாள். மணி அவளுடைய கணக்கில் சூட்டை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டில் துணிக்கும் மைனியைத்தான் பிடித்திருக்கிறது.

அடுப்புச் சூடோ என்று முதலில் நினைத்தாள். அன்று மத்தியானம் அடுப்பே பற்றவைக்கவில்லை. பிறகு ஃபோனை எடுத்து அன்றைய வரைபடத்தை விரித்தாள். துணி ஒரே சூட்டில் கிடந்திருந்தால் கோடு நேராக ஓடியிருக்க வேண்டும். கோடு இரண்டு முறை மேடேறியிருந்தது. முதல் மேடு சாப்பாட்டு இடைவேளையில் தொடங்கியது. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மேலாளர் வந்து நின்ற நேரம் அது. ஃபோன் பைக்குள் இருந்த நேரம்.

அவள் வேலைப் பையைத் திறந்து ஆலையின் ஒப்பீட்டு வெப்பமானியை எடுத்தாள். மற்ற வெப்பமானிகளைச் சரிபார்க்கப் பயன்படும் தடித்த எஃகுக் குச்சி அது, பொய் சொல்லாது. அதன் முனையைத் துணி மடிப்புக்குள் மணிக்குப் பக்கத்தில் செருகினாள். மணி கடைசியாகப் பதிந்திருந்த எண்ணும் குச்சியின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. பிறகு ஃபோனில் மணியின் நேரலையைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். எஃகுக் குச்சியின் எண் அசையவில்லை. மணியின் எண் ஏறத் தொடங்கியது. ஏறி, குச்சியைவிட அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய் நின்றது. நேரலையை மூடிவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டினாள், வாய் துடைத்தாள். திரும்ப வந்து பார்த்தபோது இரண்டும் மறுபடி ஒன்றாக நின்றன.

கிளாட்வின் வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் அவன் முன்னால் அதையே இன்னொரு முறை செய்து காட்டினாள். மைனியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“துணி எப்படிச் சூடாவும்?” என்றான் அவன்.

“துணி சூடாவல. மணிதான் சூடாவுது. இதுக்குள்ள இருக்கிறது தெர்மிஸ்டர். இதுக்குச் சூடு குளிர்ச்சி எல்லாம் தெரியாது. மின்சாரத்தை எவ்வளவு தடுக்கணும்னு மட்டுந்தான் தெரியும். செம்புக் கம்பி சூடானா மின்சாரத்தை இன்னும் கூடுதலாத் தடுக்கும், நீங்க என்ஜின்ல பாத்திருப்பீங்க. இது தலைகீழ். சூடானா வழிவிடும்.”

“அது எப்படி?”

“மீன்பிடி தடைக்காலத்துல படகு எல்லாம் கரையில கட்டிக் கெடக்கும்லா? குளிர்ந்த மணி அப்படித்தான். மின்சாரத்தைத் தூக்கிட்டுப் போற துகள் எல்லாம் உள்ள கட்டிக் கெடக்கும். சூடு ஏற ஏற ஒவ்வொண்ணா அவுந்து ஓடத் தொடங்கும். படகு நெறைய ஓடுனா சரக்கு நெறையப் போவும். ஒரு டிகிரி ஏறுனா தடை நூத்துக்கு நாலு பங்கு குறையும். அவ்வளவு குறையிறதாலதான் பிள்ளையோட பாதம் கால் டிகிரி மாறுனாலும் இது கண்டுபிடிச்சிருது. தடை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்து, அதுலேர்ந்து சூட்டைக் கணக்குப் போட்டுச் சொல்லுது.”

“சரி.”

“தடையை எப்படி அளக்கிறது? கொஞ்சம் மின்சாரத்தை உள்ள விட்டுப் பாத்தாத்தான் தெரியும். விட்டா என்ன ஆவும்?”

கிளாட்வினுக்கு என்ஜின்கள் தெரியும். அவன் மணியையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“சூடாவும்.”

“சூடானா தடை குறையும். தடை குறைஞ்சா இது என்ன சொல்லும்? பிள்ளை சூடா இருக்குன்னு சொல்லும். தன்னோட சூட்டைப் பிள்ளையோட சூடுன்னு எழுதிரும். சும்மா இருக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா, கண்ணு சிமிட்டுத அளவுக்குத்தான் மின்சாரத்தை விட்டுப் பாக்கும். அதுல சூடு ஏறாது, வந்ததும் ஆறிரும். யாராவது நேரலையில பாத்தா விடாம ஓடிக்கிட்டே இருக்கும். சின்ன மணி, சுத்தி ரப்பர் வேற. சூடு எங்க போவும்?”

“குளிர் அறையில இது உனக்குத் தெரியலயா?”

“அங்க உள்ளது தடித்த குச்சி. இந்தச் சூட்டை எஃகு குடிச்சிரும். படிக்கும்போது ஒரு பக்கம் படிச்சது. அதோட மறந்துட்டேன்.”

கிளாட்வின் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். பிறகு, பிள்ளை அவள் மடியில் இருக்கும்போது ஏன் ஏறவில்லை என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் ஃபோனில் பிள்ளையைப் பார்ப்பார்கள்? மைனியிடம் இருப்பது வெறும் பட்டன் ஃபோன். கிளாட்வின் வாரக் கணக்கைத் தவிர எதையும் திறந்ததில்லை. அந்த வீட்டில் நேரலையைத் திறந்தது ஒரே ஒருத்தி, அதுவும் பிள்ளை இன்னொருத்தியிடம் இருந்த நேரத்தில் மட்டும்.

முதலில் சிரித்தது மைனிதான்.

“அப்போ எம்மேல உள்ள பொறாமையிலதான் எனக்கு மார்க்கு விழுந்திருக்கு.”

ஜெசிந்தா தலைகுனிந்து ஊக்கை மூடினாள். மைனி சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு குரலில் சொன்னாள்.

“ஏட்டி, நீ வாசல்ல செருப்பைக் கழட்டுத சத்தம் கேட்டாப் போதும், இவ எம்மடியில நிக்கமாட்டா. நெளிஞ்சு நெளிஞ்சு வாசலைத்தான் பாப்பா. தினமும் பாக்கேன். அதை ஒரு நாளாவது இந்த மணி எழுதிச்சா?”

அடுத்த நாட்களில் யாரும் நேரலையைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கணக்கில், வெள்ளியும் சனியும் இரண்டு மடிகளுக்கும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை மைனி மணப்பாட்டுக்குத் தனியாகப் போனாள். பேருந்து கிளம்பும்வரை நித்திலாவை வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அன்று மாலை பிள்ளை அடுப்படி வாசலைப் பார்த்துப் பார்த்து அழுதது. தேடுவது யாரை என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். மைனி மேல் அப்போது எரிந்த எரிச்சலை அளக்க எந்த மணியும் தேவைப்படவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கால் இழுக்கும் அதே ராகத்தைப் பாடிக்கொண்டு கூடத்தில் நடந்தாள்.

ஆலைக் காப்பகம் தரம் பிரிக்கும் பகுதியைத் தாண்டித்தான் இருந்தது. மறுநாள் காலையில் நித்திலாவை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், மேசை விளிம்பில் சாய்ந்து நின்ற ஃபோனை ஜெசிந்தா பார்த்தாள். அதில் ஓர் எண். அதற்கு முன்னால் இசக்கியம்மாளின் முகம்.

தன் வீட்டு விஷயம் தீர்ந்த நிம்மதியில் இதை நினைக்காமலே இருந்துவிட்டோம் என்று உறைத்தது.  சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னால் என்ன சொல்வதாக அர்த்தம்? நீ கண் எடுக்காமல் பார்த்தாய், அதனால்தான் பிள்ளையை இழந்தாய் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

முதலில் வேறு வழி தேடினாள். நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினாள். நேரலையில் வரும் வேறுபாடு அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் அடங்கும் என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். அனுமதித்தது யார் என்று கேட்டதற்கு, நிறுவனம்தான் என்றாள். ஆலைக்கு வந்துபோகும் வழக்கறிஞரிடம் கேட்டாள். மணியின் மேலேயே வழக்குப் போடலாம், நிபுணர் அறிக்கை வாங்கலாம், ஒரு வருடமாவது ஆகும் என்றார். சரணின் மறு ஆய்வோ அடுத்த மாதக் கடைசியில். இப்போது ஓடும் வாரங்களின் எண்களை வைத்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். அந்த முறையும் தோற்றால் பையன் வயது தாண்டிவிடுவான். ஐந்து வயதுக்கு மேல் மணியைக் கேட்க மாட்டார்கள், இருக்கும் இடமே நிரந்தரமாகிவிடும்.

இடைவேளையில் ஜெசிந்தா இரண்டு டீயை வாங்கிக்கொண்டு போய் இசக்கியம்மாளின் எதிரே உட்கார்ந்தாள். தொட்டில் துணியிலிருந்து தொடங்கினாள். படகு, தடை, மின்சாரம் என்று கிளாட்வினுக்குச் சொன்னதையும், வழக்கறிஞர் சொன்னதையும் அவளுக்குச் சொன்னாள்.  டீ ஆறி ஏடு படிந்தது. எல்லாம் முடிந்த பிறகு இசக்கியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ நான் பாத்தேன்னுதான் அவனை அவங்ககிட்ட குடுத்தாங்களா?”

ஜெசிந்தா டீயின் ஏட்டை விரலால் ஒதுக்கினாள். இசக்கியம்மாளே தொடர்ந்தாள்.

“சனிக்கிழமை பூரா எம்மடியிலதான் கெடப்பான். அன்னைக்கு மட்டும் ஏன் எறங்குது, ஏன் எறங்குதுன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அம்மாவைப் பிடிக்கலபோலன்னு நெனச்சேன்.”

“அவன் காலு எறங்கல, அக்கா. சனிக்கிழமை இருக்கிறதுதான் அவன் சூடு. மத்த நாள் கூடுதலாத் தெரிஞ்சது உங்க பார்வை.”

“சனிக்கிழமை அவங்க வீட்டுல யாரும் பாக்கமாட்டாங்களா?”

“ஜெயிச்சவங்க எதுக்குப் பாக்கப்போறாங்க?”

வேலை தொடங்கும் மணி அடித்தது. பழக்கத்தில் இசக்கியம்மாளின் கை ஃபோனை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. ஐஸ் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள் மேசைமேல் அப்படியே கிடந்தன. திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வீட்டில், ஒரு சிறுவனின் குதிகாலில், இன்னொருத்தியின் பெயரில் மணி சூடாகிக்கொண்டிருந்தது. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்.

“கேஸெல்லாம் போட்டு முடியிறதுக்குள்ள பிள்ளை வளந்துரும். இப்போ நான் என்ன செய்யட்டும், ஜெசி?”

ஜெசிந்தா இதற்கான விடையை இரண்டு நாட்களாக யோசித்து வைத்திருந்தாள். அது நேர்மையானதா என்று யோசித்ததைவிட, அது வேலை செய்யுமா என்றுதான் அதிகம் யோசித்திருந்தாள். தன் வளையத்தோடு தொட்டில் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரலையைத் திறந்து இரண்டு முறை செய்தும் பார்த்துவிட்டாள், சூடு அவள் பெயரிலேயே ஏறியது.

“பையன் அங்க இருக்கிற நாள்ல ஃபோனைத் தொடாதீங்க, அக்கா. சனிக்கிழமை அவன் உங்க மடிக்கு வந்ததும் ஃபோனை என்கிட்ட குடுத்துருங்க. அவன் திரும்பிப் போறவரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”